நெஞ்சுவலி மாத்திரைகள்: எது யாருக்கு?

அப்பாவின் மாத்திரை டப்பா ஒரு பழைய பிஸ்கட் டின். போன வருஷம் ஒரு நாள் அதைத் தரையில் கவிழ்த்துக் கொட்டி, "இது எதுக்குப்பா? இது எதுக்கு?" என்று ஒவ்வொரு அட்டையாக எடுத்துக் காட்டிக் கேட்டேன். ஏழு அட்டைக்கும் ஒரே பதில்தான் வந்தது. "எல்லாம் ஹார்ட்டுக்குத்தான்டா." இருபது வருஷத்துக்கு மேல் மருந்துக்கடையில் நிற்கிறவன் நான். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் வாயால் இந்தப் பதிலை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். சொந்த வீட்டில் கேட்டபோது சுருக்கென்றது.

அந்த ஏழு அட்டையையும் மூன்று கூறாகப் பிரித்து வைத்தேன். வலி வந்த நேரத்தில் போடுவது முதல் கூறு. அதில் ஒரே ஓர் அட்டை. வலி வராமல் இருக்கத் தினமும் போடுவது இரண்டாம் கூறு. மூன்றாம் கூறில் இருந்தவை வலிக்கு ஒன்றுமே செய்யாதவை. மாரடைப்பு வராமல் காப்பவை. "இதைவிட நல்ல மாத்திரை இருக்கா?" என்று கடையில் கேட்பவர்கள் பல நேரம் ஒரு கூறில் இருப்பதை இன்னொரு கூறில் இருப்பதோடு ஒப்பிடுகிறார்கள். நாக்கடியில் வைக்கிற சார்பிட்ரேட் போட்டதும் வலி போய்விடுகிறது, அதனால் அது நல்ல மாத்திரை; கொழுப்பு மாத்திரை போட்டால் ஒன்றும் தெரிவதில்லை, அதனால் அது வீண் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். ஒரே வேலையைச் செய்யும் மருந்துகளைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். அதிலும் எது யாருக்கு என்பதை முடிவு செய்வது அவருடைய பல்ஸ், பிரஷர், கூடவே இருக்கும் மற்ற நோய்கள். மாத்திரையின் 'பவர்' கடைசியில்தான் வரும்.

இந்த நெஞ்சுவலியைத்தான் டாக்டர்கள் ஆஞ்சைனா என்கிறார்கள். அது என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதயத் தசைக்குத் தேவைப்படும் ரத்தம் ஒரு அளவு, அடைப்புள்ள குழாய் வழியாக வந்து சேரும் ரத்தம் அதைவிடக் குறைந்த அளவு. உட்கார்ந்திருக்கும்போது இந்தப் பற்றாக்குறை தெரியாது. படியேறும்போது, சாப்பிட்ட கையோடு நடக்கும்போது, கோபத்தில் கத்தும்போது நெஞ்சின் நடுவில் யாரோ கல்லைத் தூக்கி வைத்ததுபோல் அழுத்தும். தோள், கை, தாடை வரை அது போகும். நின்றால் சில நிமிடங்களில் அடங்கும். அப்பா இதை ஒரு வருஷம் 'வாயு' என்று சொல்லி ஓமத் தண்ணீரிலேயே ஓட்டினார். மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். கேட்டால் "மூச்சு வாங்குது, வயசாச்சுல்ல" என்பார்.

இன்னொரு விஷயம் தெரிந்தால் எல்லா மருந்தும் புரியும். மற்ற உறுப்புகளுக்கு இதயம் சுருங்கும்போது ரத்தம் பாய்கிறது. ஆனால் இதயத்தின் இடது கீழறைத் தசை தனக்கு வேண்டிய ரத்தத்தைப் பெரும்பாலும் விரியும்போதுதான் வாங்கிக்கொள்கிறது. நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் ஒரு சுற்றுக்கு ஒரு விநாடி. 120 என்றால் அரை விநாடி. அப்படிக் குறையும்போது பெரிய வெட்டு விழுவது விரியும் நேரத்தில். வேலையும் கூடுகிறது, சாப்பிடும் நேரமும் குறைகிறது. இந்த நிலைமையைச் சமாளிக்கத் துடிப்பை மெதுவாக்கலாம், ரத்தக்குழாயை விரிக்கலாம், இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தத்தைக் குறைத்து அதன் சுமையை இறக்கலாம். கிட்டத்தட்ட எல்லா வலி மருந்தும் இந்த மூன்றில் ஒன்றையோ இரண்டையோ செய்கிறது.

முதல் கூறு, நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. நம் ஊரில் அப்படிச் சொன்னால் பெரும்பாலும் சார்பிட்ரேட்தான். உள்ளே இருப்பது ஐசோசார்பைட் டைநைட்ரேட், வழக்கமாக 5 மி.கி. மேல்நாடுகளில் அந்த இடத்தில் நைட்ரோகிளிசரின் இருக்கிறது. இரண்டும் நைட்ரேட் என்ற ஒரே குடும்பம். உடம்புக்குள் போய் நைட்ரிக் ஆக்சைடாகி ரத்தக்குழாய்களைத் தளர்த்துகின்றன. நைட்ரோகிளிசரின் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்தில் வேலை செய்யும், அரை மணி நேரத்தில் அடங்கிவிடும். சார்பிட்ரேட் ஓரிரு நிமிடம் தாமதமாகத் தொடங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கும். வேகத்தை மட்டும் பார்த்தால் நைட்ரோகிளிசரினுக்கு ஒரு படி மேல். ஆனால் அந்த மாத்திரை காற்றிலும் வெளிச்சத்திலும் வீரியம் இழக்கிறது. அது வந்த கண்ணாடிக் குப்பியிலேயே இருக்க வேண்டும். திறந்த எட்டு வாரத்தில் மீதியை மாற்றச் சொல்கிறார்கள். பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி வைத்தால் மருந்து ஆவியாகிப் போகும். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெயிலில் அலைகிறவருக்கு அட்டையில் வரும் சார்பிட்ரேட்தான் நம்பகமானது என்பது என் எண்ணம். நாக்கு எப்போதும் வறண்டே இருப்பவருக்கு, கை நடுங்கி அட்டையைப் பிரிக்க முடியாதவருக்கு நைட்ரோகிளிசரின் ஸ்ப்ரே நல்லது. விலை கூடுதல்தான், ஆனால் காலாவதித் தேதி வரை வீரியம் குறையாது. மாத்திரையே போதும் என்பவர், நாக்கு வறண்டிருந்தால் ஒரு வாய் தண்ணீரால் நனைத்துக்கொண்டு வைக்கலாம்.

எதை வைத்தாலும் முதலில் உட்கார வேண்டும். அப்பா ஒரு தடவை சமையலறையில் நின்றபடியே வைத்தார். அந்த மருந்து ரத்தத்தைக் கால் பக்கத்தில் தேக்கும், பிரஷர் சட்டென்று இறங்கும். தலைசுற்றி விழுந்து, மேடை விளிம்பில் புருவம் கிழிந்து மூன்று தையல். உட்கார்ந்து வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. படுத்துக்கொண்டு வைப்பதைவிட உட்கார்ந்து வைப்பது நல்லது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் அப்போதுதான் குறையும்.

ஒன்று வைத்து ஐந்து நிமிடத்தில் வலி குறையவில்லை என்றாலோ, கூடுகிறது என்றாலோ 108ஐ அழைத்துவிட வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக்கொண்டு வீட்டிலேயே காத்திருக்கக் கூடாது. டாக்டர் சொல்லியிருந்தால் வண்டி வரும்வரை இரண்டாவதை வைக்கலாம். வழக்கத்தைவிடக் குறைந்த வேலைக்கே வலி வருவது, சும்மா இருக்கும்போது வருவது, ஒரே வாரத்தில் திரும்பத் திரும்ப வருவது எல்லாம் வேறு கதை. அப்போது எந்த மாத்திரையையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் முதல் டோஸைக் கொடுத்து மேல் மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். கிராமத்தில் இருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

வலி வந்த பிறகுதான் வைக்க வேண்டும் என்பதில்லை. மலைக்கோயில் படி, கல்யாண வீட்டு மூன்றாம் மாடி என்று வலி வரும் என்று தெரிந்த வேலைக்கு ஐந்து பத்து நிமிடம் முன்பே வைத்துக்கொள்ளலாம். இதைப் பலருக்கு யாரும் சொல்லித்தருவதே இல்லை.

கவுன்ட்டரில் குரலைத் தாழ்த்திக் கேட்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. ஆண்மைக் குறைவுக்குப் போடும் சில்டெனாஃபில் போட்ட 24 மணி நேரத்துக்குள்ளும், அதே வகை டடாலாஃபில் போட்ட 48 மணி நேரத்துக்குள்ளும் நைட்ரேட் எதையும் தொடக் கூடாது. பிரஷர் உயிருக்கே ஆபத்தான அளவுக்கு விழும். வெட்கத்தில் இதை மறைப்பவர்கள் அதிகம். ஆம்புலன்ஸில் வருபவரிடமாவது மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் கூறுக்கு வருகிறேன். உண்மையான ஒப்பீடு இங்கேதான். தினசரி மருந்தில் முதலிடத்துக்குப் போட்டி போடுபவை இரண்டு வகை. பீட்டா பிளாக்கர் ஒன்று: மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், அட்டெனோலால். கால்சியம் பிளாக்கர் இன்னொன்று: அம்லோடிபின், டில்டியாசம், வெராபமில். வலியைக் குறைப்பதில் இரண்டும் ஏறத்தாழ சமம். அதனால் பக்க விளைவையும் ஆளையும் பார்த்துத்தான் எடுக்க முடியும்.

பீட்டா பிளாக்கர் அட்ரினலினின் பிடியைத் தளர்த்தித் துடிப்பை மெதுவாக்குகிறது. ஓய்வில் பல்ஸ் 55க்கும் 60க்கும் இடையில் வரும்படி அளவைக் கூட்டுவார்கள். ஜேம்ஸ் பிளாக் 1960களில் ப்ரோப்ரனோலாலைக் கொண்டுவந்தபோது ஆஞ்சைனாவைத்தான் மனதில் வைத்திருந்தார்; 1988இல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. பல்ஸ் 80, 90 என்று ஓடுகிறவர், பதற்றக்காரர், முன்பு மாரடைப்பு வந்து இதயம் பலவீனமானவர் ஆகியோருக்கு என் மனதில் இதுதான் முதலில் வரும். இதயத்தின் பம்பிங் குறைந்தவர்களுக்கு இது ஆயுளையும் நீட்டிக்கிறது என்பது உறுதியான விஷயம். பம்பிங் நன்றாக உள்ளவர்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது. மாரடைப்புக்குப் பிறகும் பம்பிங் சரியாக இருந்த 5,020 பேரை வைத்து ஸ்வீடனை மையமாகக் கொண்டு நடந்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. பீட்டா பிளாக்கர் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் மரணத்திலோ மறு மாரடைப்பிலோ வித்தியாசம் தெரியவில்லை. ஆக, வலிக்காகப் போடுகிறோமா, பம்பிங்குக்காகப் போடுகிறோமா என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

யாருக்கு ஆகாது? ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாய் இறுகலாம். பல்ஸ் ஏற்கெனவே 50ஐ ஒட்டி இருப்பவருக்கும், ஈ.சி.ஜி.யில் ஹார்ட் பிளாக் (குழாய் அடைப்பு அல்ல, துடிப்புக்கான மின்சாரம் இதயத்துக்குள் தடைபடுவது) உள்ளவருக்கும் வேண்டாம். இன்சுலின் போடும் சர்க்கரைக்காரர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இந்த மாத்திரை மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. அதனால் 'திடீர்னு வேர்த்தா சர்க்கரையைப் பாருங்க' என்று நான் அட்டையின் பின்னால் எழுதியே கொடுப்பேன். அசதி, கை கால் சில்லிடுவது, ஆண்மைக் குறைவு எல்லாம் வரக்கூடியவை. கடைசியாகச் சொன்னதற்காகவே யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும்.

நிறுத்துவதில்தான் பெரிய ஆபத்து. எங்கள் வீட்டிலேயே நடந்தது. ஊர்த் திருவிழாவுக்குப் போன அப்பா மெட்டோப்ரோலால் அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டார். "நாலு நாள்தானே" என்று எங்களிடமும் சொல்லவில்லை. நாலாம் நாள் தேருக்குக் கூட நடக்கவில்லை, திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்துவிட்டது. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் இரண்டு இரவு. தினமும் மருந்தால் அடக்கி வைத்திருந்த துடிப்பு, மருந்து திடீரென்று நின்றதும் முன்பைவிட வேகமாக எழுகிறது. பீட்டா பிளாக்கரை நிறுத்த வேண்டுமென்றால் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அம்லோடிபினுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது ரத்தத்தில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். ஒரு நாள் மறந்தால் அநேகமாக ஒன்றும் தெரியாது. சாதாரண மெட்டோப்ரோலால் மூன்று முதல் ஏழு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனால்தான் மெதுவாகக் கரையும் எக்ஸ்.எல். வகையை எழுதுகிறார்கள். மறதி அதிகமுள்ளவர், தனியாக இருக்கும் முதியவர் என்றால் மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் கணக்கில் சேர்க்கச் சொல்வேன். பீட்டா பிளாக்கர்களுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. அட்டெனோலால் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. கிட்னி பழுதானவருக்கு அது உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். மெட்டோப்ரோலாலைக் கல்லீரல் சிதைத்துவிடும்.

கால்சியம் பிளாக்கரை ஒரே வகையாகப் பார்ப்பது பெரிய தவறு. அம்லோடிபின் ரத்தக்குழாயை விரிக்கிறது, துடிப்பைத் தொடுவதில்லை. டில்டியாசமும் வெராபமிலும் துடிப்பையும் மெதுவாக்கும். அதனால் பிரஷர் கூடுதலாக, பல்ஸ் குறைவாக இருப்பவருக்கு அம்லோடிபின் பொருந்தும். ஆஸ்துமாவும் இருக்கிறது, பல்ஸும் வேகமாக ஓடுகிறது என்றால் டில்டியாசம். பீட்டா பிளாக்கர் மட்டும் போதவில்லை என்றால் அதோடு அம்லோடிபினைச் சேர்ப்பதுதான் வழக்கமான அடுத்த படி. ஒன்று துடிப்பையும் இன்னொன்று குழாயையும் பார்த்துக்கொள்ளும். ஆனால் பீட்டா பிளாக்கரோடு வெராபமிலைச் சேர்க்கக் கூடாது. டில்டியாசத்தைச் சேர்ப்பதென்றாலும் மிகுந்த கவனத்தோடுதான். இரண்டு பிரேக்கையும் ஒரே நேரத்தில் அழுத்துவதுபோல் துடிப்பு நின்றே போகலாம். இரண்டு டாக்டரிடம் போகிறவர் இரண்டு சீட்டையும் ஒரே கடையில் காட்டுங்கள் என்று நான் கெஞ்சுவது இதற்காகத்தான். பம்பிங் குறைந்தவருக்கு டில்டியாசமும் வெராபமிலும் கூடாது.

விடியற்காலையில், தூக்கத்தில், எந்த வேலையும் செய்யாதபோது மட்டும் வலி வருபவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு அடைப்பைவிட ரத்தக்குழாய் திடீரென்று இறுகுவது காரணமாக இருக்கலாம். அங்கே கால்சியம் பிளாக்கர்தான் முதல் மருந்து. பீட்டா பிளாக்கர் இறுக்கத்தைக் கூட்டிவிடலாம். 'எப்போது வலிக்கிறது' என்ற கேள்வி மருந்தையே மாற்றிவிடும் இடம் இது. படியேறும்போதா, படுத்திருக்கும்போதா என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

அம்லோடிபினின் குறை கணுக்கால் வீக்கம். 5 மி.கி.யில் சிலருக்கு, 10 மி.கி.யில் இன்னும் பலருக்கு. சாயங்காலம் செருப்பு வார் பதிந்த தடம் காலில் அப்படியே நிற்கும். இது உடம்பில் நீர் தேங்குவதால் வருவதல்ல, மெல்லிய குழாய்களிலிருந்து நீர் கசிவதால் வருவது. அதனால் நீர் மாத்திரை போட்டாலும் பெரிதாக வடியாது. அம்லோடிபின் 10, அதற்கு வந்த வீக்கத்துக்கு நீர் மாத்திரை, நீர் மாத்திரையால் இறங்கிய பொட்டாசியத்துக்கு ஒரு டானிக் என்று நீளும் சீட்டுகளைப் பார்க்கும்போது மனது கஷ்டப்படும். அளவைப் பாதியாக்குவது, டெல்மிசார்டன் போன்ற வேறு பிரஷர் மாத்திரையைச் சேர்ப்பது என்று டாக்டரிடம் வேறு வழிகள் உண்டு. வெராபமிலின் குறை மலச்சிக்கல். முதியவருக்கு அது சின்ன விஷயமில்லை. முன்பெல்லாம் நிஃபெடிபின் என்ற இன்னொரு கால்சியம் பிளாக்கர் கேப்சூலைக் கடித்து நாக்கடியில் பிழிந்து விடும் பழக்கம் இருந்தது. அது பிரஷரைத் தடாலென்று இறக்கித் துடிப்பை எகிறவைக்கும். அந்தப் பழக்கத்தை யாராவது இன்னும் வைத்திருந்தால் விட்டுவிடுங்கள்.

இந்த இரண்டு வகையும் போதவில்லை அல்லது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அடுத்த வரிசை. இதில் எங்கும் காணப்படுவது நீண்ட நேரம் நிற்கும் நைட்ரேட், அதாவது ஐசோசார்பைட் மோனோநைட்ரேட் அல்லது மெதுவாகக் கரையும் நைட்ரோகிளிசரின். இதற்கு ஒரு விசித்திரமான பழைய கதை உண்டு. 1847இல் இத்தாலியில் அஸ்கானியோ சொப்ரேரோ தயாரித்த நைட்ரோகிளிசரினை ஆல்ஃபிரெட் நோபல் டைனமைட்டாக்கினார். வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்குத் திங்கள்கிழமை மண்டையைப் பிளக்கும் தலைவலி வரும். வாரம் போகப் போகக் குறையும். ஞாயிறு விடுமுறை முடிந்து வந்தால் மறுபடி அதே வலி. உடம்பு அந்த மருந்துக்குச் சீக்கிரம் பழகிவிடுகிறது, ஒரு நாள் விட்டால் பழக்கம் கலைந்துவிடுகிறது. மருந்தாகப் போடுபவருக்கும் இதே கதைதான். நாள் முழுக்க நைட்ரேட் ரத்தத்தில் இருந்தால் சில நாளிலேயே அது வேலை செய்யாமல் போகும். அதனால் தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நைட்ரேட் இல்லாத இடைவெளி வேண்டும். சாதாரண மோனோநைட்ரேட் 20 மி.கி.யைக் காலை 8 மணிக்கும் மாலை 3 மணிக்கும் எழுதுவது அதற்காகத்தான். 'காலை ஒன்று, ராத்திரி ஒன்று' என்று நாமே மாற்றிக்கொண்டால் மாத்திரை வீண். இரவில் வலி வருபவருக்கு இடைவெளியைப் பகலில் வைக்கச் சொல்லி டாக்டரிடம் கேட்கலாம். முதல் ஓரிரு வாரத் தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும். அதற்குப் பயந்து விட்டுவிட வேண்டாம்.

நிகோராண்டில் பாதி நைட்ரேட் போல, பாதி வேறு வழியில் குழாயை விரிக்கும். இது நைட்ரேட்டுக்கு மாற்றாக நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. நாக்கிலும் கன்னத்திலும் ஆசனவாயிலும் ஆறாத புண் வரலாம். வாய்ப்புண்ணுக்கு வைட்டமின் மாத்திரையும் ஜெல்லும் மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டிருந்த ஒருவரின் சீட்டில் நிகோராண்டில் இருப்பதைப் பார்த்து டாக்டரிடம் அனுப்பினேன். மருந்தை மாற்றிய பிறகுதான் புண் ஆறியது. சில்டெனாஃபில் எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

ஐவாப்ரடின் துடிப்பை மட்டும் குறைக்கும், பிரஷரைத் தொடாது. பீட்டா பிளாக்கர் ஒத்துக்கொள்ளாத, ஆனால் பல்ஸ் 70க்கு மேல் ஓடும் ஆளுக்கு ஏற்றது. துடிப்பு ஒழுங்காக இருக்க வேண்டும். இதயத்தின் மேலறை தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவருக்குப் பயனில்லை. டில்டியாசம், வெராபமிலோடு கூடாது. சிலருக்குக் கண் முன்னால் வெளிச்சப் பொட்டுகள் தோன்றும். இரவில் வண்டி ஓட்டுகிறவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டிய விஷயம்.

ரனோலசின் பல்ஸையும் பிரஷரையும் கிட்டத்தட்ட அப்படியே விட்டுவிடுகிறது. இதயத் தசைக்குள் சோடியம் சேருவதைக் குறைத்து அதன் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. பிரஷர் 100ஐத் தாண்டாத, பல்ஸும் 55இல் நிற்கிற ஆளுக்கு வேறு எந்த மருந்தையும் கூட்ட முடியாமல் கை பிசைந்து நிற்கும் நேரத்தில் இது கைகொடுக்கும். சர்க்கரைக்காரருக்குச் சர்க்கரையும் சிறிது குறையும். தலைசுற்றலும் மலச்சிக்கலும் இதன் தொல்லைகள். ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளியை நீட்டும் (அது அதிகமாக நீண்டால் துடிப்பு தாறுமாறாகலாம்) என்பதால் கல்லீரல் சுருக்கம் உள்ளவருக்கு ஆகாது. சில ஆன்டிபயாடிக்குகளோடு மோதும். கிளாரித்ரோமைசின் அதில் ஒன்று. ரனோலசின் 1000 மி.கி. இரண்டு வேளை என்றால் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் ஒரு நாளைக்கு 1,700 மி.கி.யைத் தாண்டக் கூடாது.

ட்ரைமெட்டாசிடின் நம் நாட்டில் நிறையவே எழுதப்படுகிறது. அமெரிக்காவில் இதற்கு அனுமதி இல்லை. ஐரோப்பிய மருந்து முகமை 2012இல் இதை ஆஞ்சைனாவுக்கு மட்டும், அதுவும் மற்ற மருந்து போதாதபோது கூடுதலாகச் சேர்ப்பதற்கு மட்டும் என்று சுருக்கியது. கை நடுக்கம், நடை தடுமாற்றம் என்று பார்க்கின்சன் நோய் போன்ற அறிகுறிகளை இது கொண்டுவரலாம். முதியவருக்குப் புதிதாக நடுக்கம் வந்தால், 'வயசாச்சு' என்று விடாமல் சீட்டில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வரிசையில் என் கை கடைசியாகப் போவது இதற்குத்தான்.

மூன்றாம் கூறைப் பற்றி அப்பாவிடம் நான் அதிக நேரம் பேசினேன். ஆஸ்பிரின் 75 மி.கி., ஸ்டாட்டின் எனும் கொழுப்பு மாத்திரை வகையில் அட்டோர்வாஸ்டாட்டின் அல்லது ரோசுவாஸ்டாட்டின், பலருக்கு அதோடு ஒரு பிரஷர் மாத்திரை. இவற்றைப் போட்டாலும் நிறுத்தினாலும் உடம்புக்கு அன்று ஒன்றும் தெரியாது. ஆனால் மாரடைப்பையும் மரணத்தையும் குறைப்பவை இவைதான். அடைப்பின் மேல் தோல் வெடித்து, அங்கே ரத்தம் உறைந்து குழாயை மூடுவதுதான் மாரடைப்பு. ஸ்டாட்டின் அந்தத் தோலை உறுதியாக்குகிறது, ஆஸ்பிரின் உறைவதைத் தடுக்கிறது. கையில் காசு குறைவு, எல்லாம் வாங்க முடியாது என்று சொல்பவர்கள் முதலில் கழிப்பது இவற்றை. எனக்கு மிகவும் வலிப்பது இதுதான். இவை எல்லாமே ஜெனரிக்காக மலிவாகக் கிடைப்பவை. மக்கள் மருந்தகத்திலோ 2025இல் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ விசாரித்துப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் இதய நோயாளிக்கான அடிப்படை மருந்துகளை இலவசமாகவே வாங்கலாம். வயிற்றுப்புண், ரத்தக்கசிவு இருந்தவர் மட்டும் ஆஸ்பிரினைப் பற்றி டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

"இத்தனை மாத்திரைக்கு ஒரு ஸ்டென்ட் வைச்சுட்டா முடிஞ்சுடும்ல?" அப்பாவே கேட்டார். அடைப்பை விரித்து வைக்கும் சின்னக் கம்பிவலைக் குழாய்தான் ஸ்டென்ட். நியாயமான கேள்வி. இந்தியா உட்பட 37 நாடுகளில் 5,179 பேரை வைத்து நடந்த இஸ்கீமியா ஆய்வு 2020இல் வெளியானது. நிலையான அடைப்பு உள்ளவர்களில் ஒரு பாதிக்கு மருந்தோடு ஆஞ்சியோ செய்து தேவைப்பட்டவருக்கு ஸ்டென்ட் அல்லது பைபாஸ், மறு பாதிக்கு முதலில் மருந்து மட்டும். மூன்று வருஷத்துக்குச் சற்று மேல் பார்த்தும் மரணத்திலோ மாரடைப்பிலோ முதல் பாதிக்குத் தெளிவான லாபம் கிடைக்கவில்லை. அடிக்கடி வலி இருந்தவர்களுக்கு வலி மட்டும் நன்றாகக் குறைந்தது. இடது பிரதான குழாயில் அடைப்பு உள்ளவர்கள், பம்பிங் மிகவும் குறைந்தவர்கள், அப்போதுதான் மாரடைப்பு வந்தவர்கள் இந்த ஆய்வில் இல்லை. அவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. மற்றவர்களுக்கு, மருந்தை ஒழுங்காகப் போட்டும் வலி அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால் ஸ்டென்ட் பற்றி யோசிக்கலாம், அவசரமில்லை. ஸ்டென்ட் வைத்த பிறகும் மூன்றாம் கூறு அப்படியே தொடரும், குளோபிடோக்ரெல் போன்ற ஒன்று கொஞ்ச காலம் கூடும்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது ஒரு தாளில் இரண்டு வார விவரம் எழுதிக்கொண்டு போங்கள். காலையில் எழுந்ததும் பல்ஸ், பிரஷர். எந்த நாளில் எத்தனை முறை வலி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். எத்தனை முறை நாக்கடி மாத்திரை வைத்தீர்கள். அப்பாவுக்கு நாங்கள் அப்படித்தான் செய்தோம். பல்ஸ் 78, பிரஷர் 146க்கு 84, வாரத்துக்கு ஐந்து முறை வலி, எல்லாமே நடக்கும்போது. அந்தத் தாளைப் பார்த்த டாக்டர் மெட்டோப்ரோலாலை 25இலிருந்து 50ஆகக் கூட்டி, அம்லோடிபின் 5ஐச் சேர்த்து, ட்ரைமெட்டாசிடினை எடுத்துவிட்டார். ஒன்று வந்தது, ஒன்று போனது. டப்பாவில் ஏழு ஏழாகவே நின்றது.

இப்போது பல்ஸ் 58. குளத்தைச் சுற்றி ஒரு முழுச் சுற்று நிற்காமல் நடக்கிறார். சாயங்காலம் கணுக்காலில் லேசான வீக்கம் இருக்கிறது, அதை நான் விரலால் அழுத்திப் பார்த்துக் குறித்து வைக்கிறேன். பிஸ்கட் டின்னுக்குள் இரண்டாம், மூன்றாம் கூறுக்கு இரண்டு தனித்தனி டப்பா வைத்திருக்கிறோம். சார்பிட்ரேட் மட்டும் அதில் இல்லை. அது சட்டைப் பையில், காலாவதி மாதத்தைப் பேனாவால் பெரிதாக எழுதி.